லாரி மோதிய பிறகு: கம்பெனி நீட்டும் தொகையா, கோர்ட் தரும் தொகையா?

"அண்ணே, இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தாங்க. மூணு லட்சத்து அறுபதாயிரம் தர்றாங்களாம். வாங்கிக்கட்டுமா?"

கேட்டவர் எங்கள் தெருக் கொத்தனார். வயது 34. பாலக்கோடு ரோட்டில் ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் லாரி அவருடைய பைக்கை இடித்துத் தள்ளி அன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள். இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள். முதல் 48 மணி நேரச் செலவு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் போனது. அதற்குப் பிறகு ஆன செலவுக்கு மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், அம்மா. அந்த நிலைமையில் மூன்றரை லட்சம் என்றால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

தருமபுரியில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாகப் பத்தொன்பது வருடம் ஓட்டியாயிற்று. பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி. என்று நாங்கள் சொல்லும் விபத்து நஷ்டஈட்டு மனுக்கள்தான். சேலம் நெடுஞ்சாலையும் தொப்பூர் கணவாயும் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு லாரி கேஸ் குறைந்ததே இல்லை. எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. எந்த வழியில் போவது, எப்போது கையெழுத்து போடுவது என்று யாரும் கேட்பதில்லை. தொகை முடிவாவதோ இந்த இரண்டில்தான்.

லாரி நிற்காமல் போய் நம்பரும் கிடைக்கவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மாவட்ட நிர்வாகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். லாரி யாருடையது, எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் என்று தெரிந்துவிட்டால் நான்கு வழிகள் திறக்கின்றன: கம்பெனி நீட்டும் சமாதானத் தொகை, மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவின் நிலையான தொகை, அதே சட்டம் 166-ஆம் பிரிவின் முழு வழக்கு, அந்த வழக்கின் நடுவே வரும் லோக் அதாலத் என்னும் சமரச நீதிமன்றம்.

164: பழைய நினைப்பில் விழும் குழி

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பு 140 என்று ஒரு பிரிவு இருந்தது. யார் தப்பு என்று பார்க்காமல் இறப்புக்கு 50,000, நிரந்தர ஊனத்துக்கு 25,000 இடைக்கால நிவாரணமாகக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டே பெரிய கேஸை நடத்தலாம். ஊரில் விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னமும் அதே ஞாபகத்தில், "முதல்ல குடுக்கறத வாங்கிக்கப்பா, கேஸ் அதுபாட்டுக்கு நடக்கும்" என்று யோசனை சொல்கிறார்கள்.

2019-இல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கதை முடிந்தது. இப்போதுள்ள 164-ஆம் பிரிவில் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். டிரைவரின் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் 166-ஆம் பிரிவிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: கம்பெனியோடு சமாதானமாக 149-ஆம் பிரிவில் சொன்ன நடைமுறைப்படி 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டால், விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு காலாவதியாகிவிடும். வாங்கிய கையோடு கேஸ் முடிந்தது.

அந்தக் கொத்தனாரையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சொல்லவே கூசுகிறது, ஆனாலும் கணக்கு கணக்குத்தான். அவர் அன்றைக்கு இறந்திருந்தால்? தினக்கூலிக்காரர், சம்பளச் சீட்டு இல்லை. மாதம் 18,000 சம்பாதிக்கிறார் என்று நாம் சொன்னாலும் தீர்ப்பாயம் 12,000 என்று எடுப்பதாக வைப்போம். வருடத்துக்கு 1,44,000. நிரந்தர வேலை இல்லாதவர், வயது 40-க்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,01,600. இது 2017-இல் உச்ச நீதிமன்றம் தந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர், ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,51,200. வயது 31 முதல் 35-க்குள் என்றால் பெருக்க வேண்டிய எண் 16. இது உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பு. ஆக 24,19,200. துணையை, தகப்பனை, மகனை இழந்ததற்கு ஆளுக்கு 48,400, ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 18,150 சேர்த்தால் 26,49,100. பைக் ஓட்டியவர் மீதும் 20 சதவீதம் தப்பு என்று கோர்ட் சொன்னாலும் 21 லட்சத்துக்குக் குறையாது. இதன் பக்கத்தில் 164-இன் 5 லட்சத்தை வைத்துப் பாருங்கள்.

அதற்காக 164-ஐத் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். அது உதவும் இடங்கள் உண்டு. வயது 70, வருமானம் மாதம் 8,000, நம்பியிருப்பவர்கள் மனைவியும் மகளும் என்று வைத்து அதே கணக்கைப் போடுங்கள். 65 தாண்டினால் பெருக்கும் எண் வெறும் 5. மூன்றில் ஒரு பங்கு கழித்து எல்லாம் சேர்த்தால் 4,53,100 வரும். கோர்ட்டுக்கு நடந்து 4.5 லட்சம் வாங்குவதைவிட நடக்காமல் 5 லட்சம் வாங்குவது மேல் அல்லவா? இன்னொன்று, தப்பு முழுக்க நம் ஆள் மேல் இருக்கும்போது. இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நின்ற லாரியில் போய் முட்டியவர், எதிர்த்திசையில் வந்து மோதியவர். 166-இல் இவர்களுக்கு ஒன்றும் தேறாது. 164-இல் தேறும்.

கம்பெனி நேரில் வரும்போது

கம்பெனிக்கு விபத்து எப்படித் தெரிகிறது என்று கொத்தனார் கேட்டார். 2022-இன் விதிகள்படி போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள், இடைக்கால அறிக்கையை 50 நாளுக்குள், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் கெடு பிசகாமல் நடக்கிறதா என்பது வேறு விஷயம். தகவல் போனதும் 149-ஆம் பிரிவுப்படி கம்பெனி ஒரு அதிகாரியை நியமித்து, 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் தொகையைச் சொல்லலாம். ஒத்துக்கொண்டால் தீர்ப்பாயம் பதிவு செய்யும். பதிவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு வழக்கமான விசாரணைக்குப் போகும். வேண்டாம் என்றதால் உங்களுக்கு ஒரு பாதகமும் இல்லை.

கவனியுங்கள், இது தீர்ப்பாயத்தின் முன் நடக்க வேண்டியது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போடும் கையெழுத்துக்கு 149 என்று பெயரில்லை. கொத்தனார் வீட்டுக்கு வந்தவர் கம்பெனி அதிகாரியே அல்ல, அவர்கள் அனுப்பிய புலனாய்வாளர். நல்ல மனிதர்தான், டீ குடித்தார், பிள்ளைகளிடம் பேசினார். காலை போட்டோ எடுத்தார். "தினமும் வேலை இருக்குமா, மழைக் காலத்தில் எப்படி?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "மழை வந்தா பத்து நாள் சும்மாதாண்ணே இருப்போம்" என்று இவரும் வெள்ளந்தியாகச் சொன்னார். அது அப்படியே எழுதப்பட்டுக் கீழே கையெழுத்தும் வாங்கியாயிற்று. பின்னாளில் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக அதைத்தான் எடுத்தார்.

வந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் வேலை அது. நீங்கள் பேசலாம், விரட்ட வேண்டியதில்லை. எழுதியதைப் படிக்காமல், நகல் வாங்காமல் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

சரி, 3,60,000 எந்தக் கணக்கு? காயக் கேஸில் இரண்டு கணக்கு முறை உண்டு. நம் பக்கத்துத் தீர்ப்பாயங்களில் வெகுகாலமாக ஓடுவது சதவீத முறை: மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தால், சதவீதத்துக்கு 5,000 என்று வைத்து 2 லட்சம். அதோடு ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனை, உடனிருந்தவர் செலவு, சத்தான உணவு, போக்குவரத்து எல்லாம் தனித்தனியாகச் சேரும். கம்பெனி சொன்னது ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான், அதிலும் ஊனம் எவ்வளவு என்று சான்றே வாங்காமல் ஒரு குத்துமதிப்பு.

இன்னொன்று பெருக்கல் முறை. ஊனம் உடம்பில் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, பிழைப்பில் எவ்வளவு என்று பார்க்கும். இரண்டும் ஒன்றல்ல என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கால் மடங்காத ஒருவர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக இருந்தால் சம்பளம் குறையாது. கொத்தனாரால் சாரம் ஏற முடியாது. அவருடைய பிழைப்பிழப்பை 40 சதவீதம் என்று கோர்ட் ஏற்றால் 2,01,600-ஐ 16-ஆல் பெருக்கி 40 சதவீதம் எடுக்க வேண்டும்: 12,90,240. கோர்ட் கையை இறுக்கி 25 சதவீதம் என்றாலும் 8,06,400. ஒரே கால், ஒரே சான்றிதழ். ஒரு முறையில் 2 லட்சம், மறு முறையில் 12.9 லட்சம்.

இதனால்தான் காயக் கேஸில் கம்பெனி நீட்டும் தொகையைப் பற்றி நான் முதலில் கேட்பது தொகையை அல்ல. எலும்பு கூடிவிட்டதா? அடுத்த ஆபரேஷன் இருக்கிறதா? சான்று வாங்கியாயிற்றா? இருபத்துமூன்றாம் நாளில் இதற்கு எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. பதில் தெரியாத நாளில் விலை பேசுவது கம்பெனிக்கு லாபம், ஏனென்றால் பின்னால் வரப்போகும் செலவு உங்கள் கணக்கில் ஏறிவிடும். கையில் சிராய்ப்பு, ஒரு விரல் முறிவு, ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது என்றால் கதை வேறு. அங்கே ஆனது ஆயிற்று. நியாயமான தொகை வந்தால் தாராளமாக வாங்கிவிடலாம்.

166: நீளமான ரோடு

முழு வழக்கின் ஒரே குறை காலம். என் அனுபவத்தில் மூன்று வருடத்துக்குள் முடிந்ததை விரல் விட்டு எண்ணலாம். தீர்ப்பு வந்த பிறகும் கம்பெனி 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். வழக்கில் இருக்கும் தொகை 1 லட்சத்துக்குக் குறைவு என்றால் மட்டும் அது முடியாது. ஆனால் காத்திருப்பு வீண் என்று நினைக்காதீர்கள். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி ஓடும். நம் பக்கம் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம். 10 லட்சத்துக்கு வருடம் 75,000. அடகுக் கடை வட்டியை அது ஈடுகட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறையப் பேர் பாதியில் இறங்கிப் போவது அந்த வட்டியால்தான், சட்டத்தால் அல்ல.

வருமானத்தை நிரூபிப்பதுதான் இந்த வழியின் மையம். கூலிக்காரருக்கு என்ன அத்தாட்சி இருக்கும் என்று கை விரிக்காதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, கூகுள் பேயில் வந்த கூலி, வங்கிப் பாஸ்புக். நம்முடைய கொத்தனாருக்குக் கைகொடுத்தது மேஸ்திரியின் நோட்டு. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு; ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி, முன்பணம் எவ்வளவு கழித்தது. சுண்ணாம்புக் கறை படிந்து ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. மேஸ்திரி சாட்சிக் கூண்டில் ஏறி, "இது என் கையெழுத்துதாங்க" என்றார். ஆடிட்டர் எழுதிக் கொடுத்த பளபளப்பான வருமானச் சான்றுகள் குறுக்கு விசாரணையில் கிழிந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டை யாராலும் அசைக்க முடியவில்லை.

எஃப்.ஐ.ஆர்., வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் ஏ.ஆர். காப்பி, இவையெல்லாம் அடிப்படை. ஏ.ஆர். காப்பியில் "பைக்கிலிருந்து தவறி விழுந்தார்" என்று யாராவது அவசரத்தில் சொல்லி எழுதியிருந்தால் அது கேஸையே கவிழ்த்துவிடும். முதல் நாளே பாருங்கள். எக்ஸ்ரே பிலிமைத் தூக்கி எறியாதீர்கள்.

கெடு விஷயம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அதை எதிர்த்து வழக்கு நடக்கிறது என்றும், தாமதமானாலும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் பேச்சு உண்டு. அதையெல்லாம் நம்பி உட்காராதீர்கள், ஐந்தாம் மாதம் தாண்ட விடாதீர்கள். போலீஸ் அறிக்கையே மனுவாகிவிடும் என்று சொல்வார்கள். இருந்தாலும் தனியாகப் போட்டு வைப்பதே நல்லது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆந்திராவில் அடிபட்ட கிளீனருக்கு இங்கிருந்தே மனுப் போட்டிருக்கிறோம்.

வக்கீல் பீஸ் பற்றி ஒரு வார்த்தை, என் பிழைப்பிலேயே கை வைக்கிறேன். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதி அனுமதிக்கவில்லை. நடக்கிறதா என்றால் நடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து வக்காலத்தில் கையெழுத்து கேட்கும் புரோக்கரை மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

பாலிசியில் ஓட்டை இருந்தால்

மேலே சொன்ன ஒப்பீடு முழுக்கத் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்று கம்பெனி சொன்னால் பதற வேண்டாம். அடிபட்டது ரோட்டில் போன மூன்றாம் நபர் என்றால், கம்பெனி முதலில் கட்டிவிட்டுப் பிறகு லாரி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவர்கள் இதை நம்பியிருக்க முடியாது. குலதெய்வம் கோயிலுக்கு மினி லாரியில் இருபது பேர் போய்க் கவிழ்ந்தால், அவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே முடிவு கட்டிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய பிரதிநிதியோ சரக்கோடு போனால் பாதுகாப்பு உண்டு. அப்படிப்பட்ட கேஸில் கம்பெனி ஏதோ ஒரு தொகைக்கு இறங்கி வந்தால், அதை நான் மறுக்கச் சொல்லமாட்டேன். தீர்ப்பில் ஜெயித்து, ஒற்றை லாரி வைத்திருக்கும் ஓனரிடம் வசூல் செய்யப் பத்து வருடம் அலைந்த குடும்பங்கள் எங்கள் ஆபீஸ் அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன.

லாரி ஓனர் ஆஸ்பத்திரிக்கே வந்து இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மருத்துவ உதவி என்று எழுதி. "கேஸ் வேண்டாம், சமாதானமாகிவிட்டோம்" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்காதீர்கள்.

லோக் அதாலத்

நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான், ஆனால் நேரம் பார்த்து. தேசிய லோக் அதாலத் வருடத்துக்கு நான்கு முறை கூடுகிறது. கம்பெனி அதிகாரிகள் அன்றைக்குக் கேஸ்களை முடிக்கும் எண்ணத்தோடுதான் வருவார்கள். முடிந்தால் கோர்ட் கட்டணம் திரும்பும், மேல்முறையீடு கிடையாது. அந்தக் கடைசி வசதி உங்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டு, அதனால் அவசரப்படக் கூடாது. மனுப் போட்டு, மருத்துவச் சான்று வந்து, வருமானத்துக்குச் சாட்சி ஏறிய பிறகு போனால், கம்பெனிக்கும் தீர்ப்பு எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்கும். கோர்ட் கணக்கில் எழுபது, எண்பது சதவீதம் வந்தால் மேல்முறையீட்டு வருடங்கள் மிச்சம் என்று நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். இதே லோக் அதாலத்துக்குச் சான்று எதுவும் இல்லாமல் மூன்றாம் மாதமே போனால், புலனாய்வாளர் திண்ணையில் சொன்ன தொகைதான் நீதிபதி முன்னால் திரும்ப வரும்.

கொத்தனார் அந்த 3,60,000-ஐ வாங்கவில்லை. எட்டாம் மாதம் காலில் சீழ் வைத்து, பிளேட்டை எடுத்து வெளியே கம்பி வளையம் போட்டார்கள். அந்த ஆபரேஷனுக்கு ஆன செலவு மட்டும் இரண்டு லட்சத்துக்குப் பக்கம். முதல் லோக் அதாலத் வந்தபோது, "போலாமாண்ணே?" என்று கேட்டார். கம்பி இருந்தது, வேண்டாம் என்றேன். இரண்டாவதற்கும் அதே பதில். என்மேல் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது, அவருடைய மனைவி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

போன முறை நோட்டீஸ் வந்த அன்று, எக்ஸ்ரே பிலிம்களை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்து நின்றார்.

"கால்ல இன்னும் கம்பி இருக்கா?"

"மார்கழியிலேயே எடுத்துட்டாங்கண்ணே. மருத்துவக் குழு சான்றும் வந்துருச்சு."

"உட்காருப்பா. அந்தச் சான்றை எடு, கணக்குப் போடுவோம்."